வாடகையை எந்தத் தொகையால் வகுப்பது?

"ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடு, வர்ற வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்." கல்யாண வீட்டில் மாமா சொல்வார், அலுவலகத்தில் சீனியர் சொல்வார், வீட்டுக் கண்காட்சியில் ஸ்டால் போட்டிருக்கும் விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே சொல்வார். இவர்கள் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. வீட்டை எப்போதோ குறைந்த விலைக்கு வாங்கியவர்களாக இருப்பார்கள், அல்லது வரும் வாடகையை எண்ணிவிட்டுப் போகும் செலவை எண்ணாதவர்களாக இருப்பார்கள். இன்றைய விலையில், இன்றைய வட்டியில், சென்னையிலோ கோவையிலோ பெரும்பகுதி கடன் வாங்கி ஃப்ளாட் வாங்குகிறவருக்கு இந்தப் பேச்சு ஏறக்குறைய எப்போதும் பொருந்தாது.

எவ்வளவு பொருந்தாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விடுகிற, அல்லது விட நினைக்கிற சாதாரணக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

## முதலில் ஒரு ஆட்டோ

ஒருவர் மூன்று லட்சம் போட்டு ஆட்டோ வாங்கி, ஒரு டிரைவரிடம் நாள் வாடகைக்கு விடுகிறார். தினம் 400 ரூபாய். "வருஷத்துக்கு 1,46,000. இரண்டே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்று அவர் சொன்னால், ஸ்டாண்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். டிரைவர் ஊருக்குப் போன நாள் உண்டு. வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற நாள் உண்டு. இன்ஷூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்), டயர் எல்லாம் ஓனர் தலையில். கடைசியில் வண்டியும் பழசாகி, வாங்கிய விலையில் ஒரு பங்குக்குத்தான் போகும்.

ஆட்டோவில் பளிச்சென்று தெரிகிற இந்த விஷயம் வீட்டில் தெரிவதில்லை. அங்கே எல்லாம் மெதுவாக நடக்கிறது, அதனால்தான். டிரைவர் வராத நாளுக்குப் பதில் காலியாகக் கிடக்கும் மாதம். எஃப்சி செலவுக்குப் பதில் பெயின்ட் செலவு. ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: கட்டடம் ஆட்டோவைப் போலவே பழசாகும், அதன் அடியில் இருக்கும் மண் பழசாகாது. இதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

## மொத்த வாடகை விகிதம்

ஒரு வருட வாடகையை வீட்டின் விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மொத்த வாடகை விகிதம். ரியல் எஸ்டேட்காரர்கள் ரென்டல் யீல்டு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே வைத்துக்கொள்வோம். சென்னையில் மேடவாக்கம் பக்கம் மறுவிற்பனைக்கு வந்த ஒரு இரண்டு படுக்கையறை ஃப்ளாட். விலை 60 லட்சம், மாத வாடகை 18,000. வருடத்துக்கு 2,16,000. அறுபது லட்சத்தால் வகுத்தால் 3.6 சதவீதம். இந்திய நகரங்களில் குடியிருப்பு வீடுகளுக்கு இது வழக்கமான அளவுதான். இரண்டு முதல் நான்கு சதவீதத்துக்குள்தான் பெரும்பாலான ஃப்ளாட்டுகள் நிற்கின்றன.

ஆனால் நம் கையிலிருந்து போனது 60 லட்சம் மட்டுமா? தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டின் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு இதுவே 5,40,000. வக்கீல், புரோக்கர், ஃபேன், லைட், கீசர், சமையலறை அலமாரி என்று இன்னொரு 1,60,000 வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் 67 லட்சம். கட்டி முடிக்காத ஃப்ளாட் என்றால் ஜிஎஸ்டியும் சேரும். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. 67 லட்சத்தால் வகுத்தால் விகிதம் 3.2 ஆக இறங்குகிறது. வீட்டுக்கு இன்னும் பூட்டுகூடப் போடவில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மொத்த விகிதத்துக்கு மேலே இருப்பது வருட வாடகை, கீழே இருக்க வேண்டியது பத்திர விலை மட்டுமல்ல, வீட்டைக் குடியேறும் நிலைக்குக் கொண்டுவர ஆன முழுச் செலவு.

## நிகர விகிதம்

மொத்த வாடகையிலிருந்து செலவுகளைக் கழித்த பிறகு மிஞ்சுவதை வகுத்தால் வருவது நிகர வாடகை விகிதம். வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய எண் இது.

நம் ஃப்ளாட்டில் குடித்தனக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காலி செய்து, பெயின்ட் அடித்து, ஆள் தேடி, அடுத்தவர் பால் காய்ச்சுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். சராசரியாக வருடத்துக்கு ஒரு மாத வாடகை போகிறது: 18,000. அந்த மாதத்துக்கான அசோசியேஷன் மெயின்டனன்ஸை நாம்தான் கட்ட வேண்டும்: 3,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்தில் பிரித்தால் 9,000. பெயின்டுக்கு 24,000 என்றால் வருடத்துக்கு 12,000. குழாய் ஒழுகல், கீசர், கதவுத் தாழ்ப்பாள், பாத்ரூம் நீர்க்கசிவு என்று ஒரு 10,000. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி, வருடத்துக்கு 6,000. கூட்டினால் 58,000.

2,16,000-இல் 58,000 போனால் மிச்சம் 1,58,000. அதை 67 லட்சத்தால் வகுத்தால் 2.4 சதவீதம். 3.6 என்று ஆரம்பித்த எண் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

இந்தச் செலவுகளில் காலி மாதம்தான் மிகக் கொடியது. மற்றவற்றைத் தள்ளிப்போடலாம், பேரம் பேசலாம். காலியாகப் போன மாதம் போனதுதான். அதனால்தான், நல்ல குடித்தனக்காரர் ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டு அவரைக் கிளப்புவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு என்கிறேன். ஆயிரம் ரூபாய் உயர்வால் வருடத்துக்கு வருவது 12,000. அவர் போய்விட்டால் இரண்டு மாத வாடகை 36,000, புரோக்கர் 18,000, பெயின்ட் 24,000, மெயின்டனன்ஸ் 6,000. மொத்தம் 84,000. அந்த ஆயிரம் ரூபாய் இதை ஈடுகட்ட ஏழு வருடம் ஆகும். சரி, வாடகையை ஏற்றவே கூடாதா? ஏற்றலாம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அவருக்கும் அதிர்ச்சி இல்லை, நமக்கும் சங்கடம் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் காலி மாதத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கியது நினைவிருக்கும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீரை நம்பி நின்றது. வெள்ளம் வரும் தெருவிலும், தண்ணீர் வராத தெருவிலும் டோலெட் போர்டு நீண்ட நாள் தொங்கும்.

## வரி இதில் எங்கே வருகிறது

வாடகை வருமானத்துக்கு வருமான வரி போடும் முறை எளிமையானது. ஆனால் பலருக்குத் தெரியாது. கைக்கு வந்த வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழிப்பார்கள். மீதியில் 30 சதவீதத்தை எந்தக் கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுவார்கள். இதற்கு நிலையான கழிவு என்று பெயர். பெயின்ட், பிளம்பர், புரோக்கர் எல்லாம் இந்த 30-க்குள் அடக்கம். நீங்கள் ஒரு பைசா செலவு செய்யாவிட்டாலும் 30 உண்டு. 50 சதவீதம் செலவு செய்து ரசீதுகளை அடுக்கி வைத்திருந்தாலும் அதே 30தான். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டினால் அதைத் தனியாகக் கழிக்கலாம்.

நம் உதாரணத்தில் கடன் இல்லையென்றால்: காலி மாதம் போக 1,98,000 வாடகை, சொத்து வரி போக 1,92,000, அதில் 30 சதவீதம் போக 1,34,400. இருபது சதவீத வரி வரம்பில் இருப்பவர் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து ஏறக்குறைய 28,000 கட்டுவார். செலவு போக மிஞ்சிய 1,58,000-இல் இதுவும் போனால் கையில் நிற்பது 1,30,000. நிகர விகிதம் 1.9.

## கடன் வாங்கினால் என்ன ஆகும்

இப்போது மாமாவின் கணக்குக்கு வருவோம். 67 லட்சத்தில் 45 லட்சம் வங்கிக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 39,000-ஐ ஒட்டி வரும். செலவு போக வாடகையில் மாதம் நிற்பது சராசரியாக 13,000. மீதி 26,000 சம்பளத்திலிருந்து போக வேண்டும், மாதாமாதம்.

"இருக்கட்டும், அசல் குறைகிறதே" என்று சொல்லலாம். முதல் வருடத்தில் நீங்கள் கட்டும் 4,68,000-இல் சுமார் 3,79,000 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 90,000 கூட இல்லை. வீடு கொடுக்கும் 1,58,000 அந்த வட்டியில் பாதியைக்கூட எட்டவில்லை.

இதன் அடியில் இருக்கும் இயக்கம் ஒன்றுதான். வீடு 2.4 சதவீதம் தருகிறது, வங்கி 8.5 சதவீதம் கேட்கிறது. குறைவாகச் சம்பாதிக்கும் பொருளை அதிக வட்டிக்குக் கடன் வாங்கி வைத்திருந்தால், கடன் கூடக்கூட ஓட்டையும் பெரிதாகும். விலை ஏற்றம் வந்து அந்த ஓட்டையை அடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நிற்கிறது.

வட்டிக்கு வரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். வாடகை வீட்டுக் கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைப் பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழிக்கலாம். புதிய வரி முறையில் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. இப்போது பெரும்பாலோர் புதிய முறைக்கு மாறிவிட்டார்கள், அந்தச் சலுகைக் கணக்கு மட்டும் இன்னும் பழைய வாயிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்: நிகர விகிதம் கடன் வட்டியைவிடக் குறைவாக இருக்கும்வரை, பெரும்பகுதி கடனில் வாங்கிய வீட்டின் வாடகை இஎம்ஐயைக் கட்டாது, உதவும். மீதியை யார் தருவது என்பது கடன் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

## விலை ஏறுவது எது?

ஆட்டோவில் விட்ட வித்தியாசத்துக்கு இப்போது வரலாம். ஃப்ளாட் வாங்கும்போது நாம் இரண்டு பொருள்களை வாங்குகிறோம். ஒன்று கட்டடம். இன்னொன்று, அந்த மனையில் நமக்குப் பத்திரத்தில் எழுதித் தரும் பங்கு. இதைத்தான் யுடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப்பங்கு என்கிறார்கள். எந்த மூலை நம்முடையது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆனால் இத்தனை சதுர அடி நமக்குச் சொந்தம்.

நம் ஃப்ளாட்டுக்கு யுடிஎஸ் 400 சதுர அடி, அந்தத் தெருவில் மனை சதுர அடி 7,000 என்றால், 60 லட்சத்தில் நிலம் 28 லட்சம். மீதி 32 லட்சம் செங்கல், லிஃப்ட், டைல்ஸ், பில்டரின் லாபம். இந்த 32 லட்சம் ஆட்டோவைப் போல வருடாவருடம் பழசாகிறது. ஏறுவது அந்த 28 லட்சம் மட்டும்தான். அதே விலைக்குப் பக்கத்துத் தெருவில் 550 சதுர அடி யுடிஎஸ் உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்து வீடு கிடைத்தால், நீச்சல் குளம் இல்லையென்றாலும் நான் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். பொதுவாகக் கட்டடம் உயர உயர, ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் மண் குறையும்.

எவ்வளவு ஏறினால் போதும்? கடனில்லாமல் வாங்கியவருக்கே தோராயமாகப் பார்ப்போம். வங்கியில் 6.5 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டிருந்தால் வரி போக 5.1 வந்திருக்கும். வாடகை தருவது 1.9. வித்தியாசமான 3.2-ஐ விலை ஏற்றம்தான் தர வேண்டும். பத்து வருடம் கழித்து நம் 67 லட்சம் 92 லட்சமாகியிருக்க வேண்டும். விற்கும்போது நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதையும் சேர்த்தால் 95 லட்சம் பக்கம். 60 லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட், இன்னும் பத்து வயது கூடிய பிறகு 95-க்குப் போக வேண்டும். சில தெருக்களில் நடக்கும். எல்லாத் தெருவிலும் நடக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

## பழைய விலையால் வகுப்பவர்கள்

"அப்பா 4 லட்சத்துக்கு வாங்கின வீடு, இன்னைக்கு மாசம் 14,000 வாடகை. 42 சதவீதம்!" கணக்கு சரி, வகுத்த தொகைதான் தவறு. அந்த வீட்டை இன்று விற்றால் 50 லட்சம் வரும் என்றால், இன்று உங்களிடம் 50 லட்சம் வீடாக நிற்கிறது. வருட வாடகை 1,68,000-ஐ அதனால் வகுத்தால் 3.4 சதவீதம். அந்த 4 லட்சம் அப்பா செய்த நல்ல காரியத்துக்குச் சான்று, உங்கள் முடிவுக்கு உதவாது. வீட்டை வைத்திருப்பதா விற்பதா என்று யோசிக்கும்போது கீழே போட வேண்டிய தொகை, இன்று விற்றால் கைக்கு வரும் பணம்.

இதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். தனி வீட்டில் குடியிருக்கிறீர்கள், மேலே ஒரு மாடி போட்டு வாடகைக்கு விட நினைக்கிறீர்கள். 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 என்றால் 20 லட்சம். வாடகை 11,000, வருடத்துக்கு 1,32,000. மொத்த விகிதம் 6.6, செலவெல்லாம் போனாலும் ஐந்தை ஒட்டி நிற்கும். ஃப்ளாட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் எளிது: மண்ணுக்குப் புதிதாகப் பணம் போடவில்லை, பதிவுச் செலவும் இல்லை. எப்படியும் அங்கேதான் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதால் மனை விலையைக் கீழே சேர்க்கத் தேவையில்லை. நம் ஊர்களில் கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனம் என்ற ஏற்பாடு தலைமுறைகளாக ஓடுவது சும்மா இல்லை. ஆனால் அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரை வைத்துப் பார்த்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். திட்ட அனுமதியும் கட்டாயம்.

## அட்வான்ஸும் லீஸும்

அட்வான்ஸ் வருமானம் இல்லை, கடன். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நீண்ட நாள் பழக்கம். நம் ஃப்ளாட்டுக்கு 1,80,000. அதை வாங்கி அலமாரி செய்துவிட்டு, அவர் காலி செய்யும்போது அடுத்தவரின் அட்வான்ஸை எதிர்பார்த்து நிற்பவர்கள் நிறைய. வங்கியில் தனியாகப் போட்டு வைத்தால் வட்டியும் வரும், திருப்பித் தரும்போது தலைவலியும் இருக்காது.

லீஸ், தென்மாவட்டங்களில் ஒத்தி, இன்னும் கவனிக்க வேண்டியது. மொத்தமாக 10 லட்சம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைப்பது. "வட்டியில்லாக் கடன்" என்று நினைக்கிறோம். வருடத்துக்கு 2,16,000 வாடகையை விட்டுக்கொடுத்துத்தான் அந்தப் பத்து லட்சத்தை வாங்குகிறோம், அது 21.6 சதவீத வட்டி. காலி மாதம், புரோக்கர் செலவெல்லாம் கழித்தாலும் 15-க்குக் கீழே இறங்காது. வீட்டுக் கடன் வட்டி இதைவிட எவ்வளவோ குறைவு.

## எழுத்தில் வையுங்கள்

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. "பதினொரு மாச அக்ரிமென்ட், ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து, அவ்வளவுதான்" என்ற பழைய வழக்கம் இதற்குப் போதாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். இருவரும் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டு எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தக் கூடாது. பாக்கி இரண்டு மாதத்தைத் தொட்டால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போகலாம். கையில் பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் அந்த வழி சுலபம்.

## வாங்கும் முன்

இணையத்தில் போட்டிருக்கும் வாடகை, கேட்கிற வாடகை. கிடைக்கிற வாடகையை அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வாட்ச்மேனிடம் எத்தனை வீடு காலி, எத்தனை மாதமாகக் காலி என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரிக்கு அசோசியேஷன் எவ்வளவு செலவு செய்கிறது என்று அவருக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும். அந்த எண்களை நம் 58,000 பட்டியலில் போட்டு, கூட்டிக் கழித்து, 67 லட்சத்தின் இடத்தில் உங்கள் முழுச் செலவை வைத்து வகுத்துப் பாருங்கள். வந்த எண் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால், விற்பவரிடம் எந்த விலைக்குப் பேச வேண்டும் என்பதையும் அதே கணக்கு சொல்லும்.